எர்லாங் என்று ஒரு மனிதர் இருந்தார்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, ஆஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும், ஸ்டடி லீவில் சுவர் ஏறிக் குதித்துப் பார்த்த செகண்ட் ஷோவைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் என்னைவிட ரசமாக எழுதக் கூடியவர்கள் எங்கள் பேட்சிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அந்தப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டு, ஏழாவது செமஸ்டரில் இரண்டு மார்க் கேள்வியாக வந்து, விடை எழுதிய கையோடு நாம் மறந்துபோன ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் படித்தவர்களுக்கு ஸ்விட்சிங் பேப்பர் நினைவிருக்கும். எர்லாங் என்றால் என்ன என்று கேட்பார்கள். ஒரு டெலிபோன் லைன் ஒரு மணி நேரம் முழுவதும் பேச்சில் இருந்தால் அது ஒரு எர்லாங் டிராபிக் என்று எழுதினால் இரண்டு மார்க்கும் முழுசாக விழும். நானும் எழுதினேன், வாங்கினேன். வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாம் மனிதர்களின் பெயரால் வந்தவை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள. எர்லாங்கும் ஒரு மனிதரின் பெயர்தான் என்று எனக்குத் தெரிந்தது, வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து, அதுவும் ஒரு தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிறகு. அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் மனிதர்.

அக்னர் கிராரூப் எர்லாங் 1878-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி, டென்மார்க் நாட்டின் ஜட்லாண்டு பகுதியில் லோன்போர்க் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். தேவாலய வேலைகளையும் சேர்த்துப் பார்த்து வந்தார். அம்மா பாதிரியார்கள் வழிவந்த குடும்பத்துப் பெண். அந்த அம்மா வழியில் தாமஸ் ஃபிங்கே என்று ஒரு கணித அறிஞர் இருந்திருக்கிறார். டான்ஜென்ட், சீக்கன்ட் என்று நாம் தலைகீழாக மனப்பாடம் செய்தோமே, அந்தச் சொற்களை 1583-ல் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். ஆக, நம்முடைய பிளஸ் டூ கஷ்டங்களில் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அக்னருக்கு ஓர் அண்ணன், இரண்டு தங்கைகள். அண்ணன் பிரெடரிக் இரண்டு வயது மூத்தவர். சாயங்காலத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துப் படிக்க, அந்தப் பக்கம் உட்கார்ந்த தம்பி அதே புத்தகத்தைத் தலைகீழாகவே படித்து வருவாராம். புத்தகம் ஒன்று, படிக்கிறவர்கள் இரண்டு பேர்! பின்னாளில் ஒரே லைனுக்குப் பல பேர் போட்டி போடும் விவகாரத்தைத்தான் இவர் வாழ்நாள் முழுக்க ஆராயப் போகிறார் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்! பையனுக்கு வானசாஸ்திரத்தில் தீராத ஆசை. நட்சத்திரங்களைப் பற்றிப் பாட்டு எழுதுவதும் உண்டு.

அப்பாவின் பள்ளியிலேயே படித்துவிட்டு, 14 வயதில் கோபன்ஹேகன் போய்ப் பல்கலைக்கழகத்தின் ஆரம்பப் பரீட்சையை எழுதினார். வயது போதாது என்பதால் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சிறப்பாகத் தேறினார். ஆனால் உடனே மேலே படிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் அப்பாவுக்கு உதவி வாத்தியாராக இருந்தார். அந்த இடைவெளியில் லத்தீனும் பிரெஞ்சும் கற்றுக்கொண்டார். பிறகு தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்க, நுழைவுத் தேர்வுக்குப் படித்து, 1896-ல் உதவித்தொகையோடு கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சொந்தக்காரர் வீட்டில் தங்கி, ஸ்காலர்ஷிப்பில் படித்து மேலே வந்த கதை நம்மில் பாதிப் பேருக்குச் சொந்தக் கதை மாதிரிதானே இருக்கிறது. 1901-ல் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும், வானவியல், பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் கொண்டு எம்.ஏ. முடித்தார்.

அடுத்த ஏழு வருஷம் வாத்தியார் வேலை, பல பள்ளிகளில். நன்றாகவே பாடம் எடுத்தார் என்கிறார்கள். ஆனால் மனசு ஆராய்ச்சியில். அதிகம் பேச மாட்டார். கூட்டத்தில் ஓரமாக நின்று கவனிக்கிற ரகம். சிநேகிதர்கள் அவருக்குத் தனி ஆள் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கோடை விடுமுறையில் பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்வீடன், இங்கிலாந்து என்று போய் ஓவியக் கூடங்களையும் நூலகங்களையும் பார்த்துவிட்டு வருவார். 1904-ல் பல்கலைக்கழகம் வைத்த ஒரு கணிதப் போட்டியில் ஹைகன்ஸைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கினார்.

அவர் வாழ்க்கை திரும்பியது கணித சங்கக் கூட்டத்தில். டென்மார்க் கணித சங்கத்துக்கு யோஹான் யென்சன் என்பவரும் வருவார். கணிதம் படித்தவர்களுக்கு யென்சன் அசமத்துவம் என்று சொன்னால் தெரியும், அந்த யென்சன்தான். அவருக்குக் கணிதம் பிழைப்பு அல்ல. பகலில் அவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் தலைமை இன்ஜினீயர். ராத்திரியில் கணிதம். இவர் எர்லாங்கைத் தம் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் யொஹான்சனிடம் அறிமுகம் செய்து வைத்தார். 1908-ல் எர்லாங் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். நாமும் சங்கக் கூட்டம் என்றால் பொங்கலும் வடையும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம்!

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச் எப்படி இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் கவனித்து, யார் வேண்டும் என்று கேட்டு, ஒரு வயரை எடுத்து உரிய துளையில் செருகுவார். எத்தனை பெண்களை உட்கார வைப்பது, ஓர் எக்ஸ்சேஞ்சுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் எத்தனை லைன் இழுப்பது என்பதுதான் கம்பெனியின் நித்தியத் தலைவலி. அதிகம் வைத்தால் காசு வீண். குறைவாக வைத்தால் சந்தாதாரர் காத்துக் கிடப்பார். எர்லாங் வருவதற்கு முன்பே யொஹான்சன் காத்திருக்கும் நேரத்தைப் பற்றியும், லைன் கிடைக்காமல் போவதைப் பற்றியும் கட்டுரை எழுதியவர். முதலாளியே கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவராக இருப்பது ஒரு கொடுப்பினை. எல்லோருக்கும் அமையாது.

சேர்ந்த புதிதில் எர்லாங்குக்கு உதவிக்கு ஆள் கிடையாது. லேபரட்டரிக்குத் தலைவர், ஆனால் லேபரட்டரி என்பதே அவர் ஒருவர்தான். நிலத்தடிக் கேபிள்களில் கசிந்து திரியும் மின்னோட்டத்தை அளக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. கோபன்ஹேகன் தெருக்களில் அவர் நடந்து போவார். பின்னால் ஒரு தொழிலாளி ஏணியைச் சுமந்து வருவார். மேன்ஹோல் மூடியைத் திறந்து, ஏணியை இறக்கி, எம்.ஏ. படித்த கணித வாத்தியார் உள்ளே இறங்கி மீட்டரைப் பார்ப்பார். இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். காகிதத்தில் மட்டும் கணக்குப் போட்டவர் அல்ல அவர்.

1909-ல் முதல் கட்டுரை வந்தது. சொன்ன விஷயம் சுலபமானது. ஊரில் ஆயிரக்கணக்கான பேர் டெலிபோன் வைத்திருக்கிறார்கள். யாரும் யாரையும் கலந்துகொண்டு ரிசீவரை எடுப்பதில்லை. ஆகவே அழைப்புகள் வரும் விதத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அது பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் கண்ட நிகழ்தகவுப் பங்கீட்டுக்கு ஒத்துப் போகும். நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்வதானால் டவுன் பஸ். பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்று போர்டில் எழுதியிருக்கும்; அரை மணி நேரம் ஒன்றும் வராது, பிறகு மூன்று சேர்ந்து வரும். டிரைவர்கள் சதி என்று திட்டுவோம். பஸ் விஷயத்தில் வேறு காரணங்களும் இருக்கலாம். டெலிபோனில் சதியே தேவையில்லை. தற்செயலாக வருவது என்றாலே கொத்துக் கொத்தாகத்தான் வரும்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு மணி நேரத்துக்கு 40 அழைப்பு வருகிறது என்றால் 3 நிமிஷத்துக்குச் சராசரி 2. ஆனால் எர்லாங் காட்டிய வழியில் போட்டால், ஒரு 3 நிமிஷத்தில் ஓர் அழைப்புகூட வராமல் இருப்பதற்கு ஏறக்குறைய ஏழில் ஒரு வாய்ப்பு. நாலு அல்லது அதற்கு மேல் வந்து குவிவதற்கும் ஏழில் ஒரு வாய்ப்பு. சராசரி என்ற ஒரே எண்ணைப் பார்க்கிறவனுக்கு இந்த இரண்டுமே கண்ணில் படாது.

1917-ல் வந்தது அவருடைய பெரிய கட்டுரை. தானியங்கி எக்ஸ்சேஞ்சுகள் வரத் தொடங்கிய காலம். இரண்டு சூத்திரங்கள் தந்தார். லைன் எல்லாம் நிரம்பியிருக்கும்போது வரும் அழைப்பைத் திருப்பி அனுப்பிவிட்டால் எத்தனை சதவீதம் நஷ்டம் என்பது ஒன்று. திருப்பி அனுப்பாமல் வரிசையில் நிறுத்தினால் எத்தனை பேர் காத்திருப்பார்கள், எவ்வளவு நேரம் என்பது இன்னொன்று. மேலே சொன்ன 40 அழைப்பும் தலா 3 நிமிஷம் பேசினால் மொத்தம் 120 நிமிஷம், அதாவது 2 எர்லாங். 2 எர்லாங் வேலைக்கு 2 லைன் போதுமே என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: நூற்றில் 40 அழைப்பு திரும்பிப் போகும்! 3 லைன் வைத்தால் 21. 4 வைத்தால் 9 அல்லது 10. 6 வைத்தால்தான் ஒன்றுக்குப் பக்கத்தில் வருகிறது.

இந்தச் சூத்திரங்களை இங்கிலாந்துத் தபால் இலாகா ஏற்றுக்கொண்டு தன் டெலிபோன் லைன்களைக் கணக்கிட்டது. எர்லாங் மிகச் சுருக்கமாக எழுதுகிறவர். சில இடங்களில் நிரூபணத்தையே விட்டுவிடுவார். அமெரிக்காவின் பெல் லேபரட்டரியில் ஓர் ஆராய்ச்சியாளர் இவர் கட்டுரைகளை மூலத்தில் படிப்பதற்காகவே டேனிஷ் மொழி கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

இனி என் கதை.

நான் வேலை பார்ப்பது நிறுவனங்களுக்கு டெலிபோன் சிஸ்டம் அமைத்துக் கொடுக்கும் இடத்தில். தென் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை. ஊரும் பெயரும் வேண்டாம். டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கேட்டு வரும் அழைப்புகளை ரிசப்ஷனில் மூன்று பெண்கள் எடுத்தார்கள். அவர்கள் மூவரும் பேச்சில் இருந்தால் அடுத்தவர் வரிசையில் நின்று பாட்டுக் கேட்க வேண்டும். ரொம்ப நேரம் பாட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது என்று புகார். வரிசை நீண்டால் வேறு இடத்துக்குத் திருப்பி விடுங்கள் என்றார் நிர்வாகி. எங்கள் பாஷையில் இதற்கு ஓவர்ஃப்ளோ என்று பெயர்.

ஓவர்ஃப்ளோவை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். குளம் பெருகினால் மறுகால் பாயும். மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த குளம். கரை உடையாமல் இருக்க நம் முன்னோர் செய்த ஏற்பாடு. டெலிபோனிலும் அதேதான். மூன்று விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் வரிசையில் சேர்ந்தால் வழிய வேண்டும். எத்தனை வினாடி காத்திருந்தால் வழிய வேண்டும். வழிந்தால் எங்கே போக வேண்டும். முதல் இரண்டும் வெறும் எண்கள். மூன்றாவதுதான் விஷயம்.

நான் 6 பேர் அல்லது 60 வினாடி என்று வைத்தேன். எங்கே அனுப்புவது? 24 மணி நேரமும் ஆள் இருக்கும் இடம் காஷுவாலிட்டி. அங்கே ஒரு மேஜையில் ஒரு போன், இரண்டு லைன், ஒரு நர்ஸ். மணிக்கு 5 அழைப்பு, தலா 2 நிமிஷம். அதாவது 60 நிமிஷத்தில் 50 நிமிஷம் போன் சும்மா இருக்கிறது என்று ரிப்போர்ட் எடுத்துக் காட்டினேன். நிர்வாகிக்கு ரொம்ப திருப்தி. ஒரு வியாழக்கிழமை சோதித்துப் பார்த்தோம். அழகாக வேலை செய்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தீபாவளி லீவு முடிந்த திங்கட்கிழமை காலை, வேறொரு சின்ன வேலைக்காக நான் அதே மருத்துவமனையில்தான் இருந்தேன். ஒன்பதரை மணி இருக்கும். வாசலில் 108 வண்டி வந்து நின்றது. ஒரு பெரியவரை இறக்கி உள்ளே கொண்டு போனார்கள். அவர் மகன், என் வயசுதான் இருக்கும், கொஞ்ச நேரம் கழித்து ரிசப்ஷனுக்கு வந்து தன் செல்போனை நீட்டினார். அப்பா இங்கேயே பார்த்து வரும் இருதய நோயாளி. நெஞ்சு வலி என்றதும் காஷுவாலிட்டி நம்பருக்கு அடித்திருக்கிறார். ஆறு தடவை. ஆறு தடவையும் எங்கேஜ்டு. அப்புறம்தான் 108. நேரத்தோடு ஆறு வரியும் அந்தத் திரையில் இருந்தன. அவர் சத்தம் போடவில்லை. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல், ஐ.டி. ஆள் மாதிரி இருந்த என்னிடம் காட்டினார். பெரியவர் பிழைத்துவிட்டார். அதை அன்று சாயங்காலம் கேட்ட பிறகுதான் நான் மருத்துவமனையை விட்டுக் கிளம்பினேன்.

அந்த அரை மணி நேரத்தில் காஷுவாலிட்டி மேஜையில் நர்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? தோல் டாக்டர் எப்போது வருவார், ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனையும் நான் திருப்பி விட்ட தண்ணீர். மறுகாலை அடுத்த குளத்துக்கு வெட்டாமல் குடியிருப்புக்குள் வெட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி பரணிலிருந்து காலேஜ் நோட்டை எடுத்தேன். அம்மா என்னமோ ஏதோ என்று பயந்துபோனார். அதிலிருந்துதான் எர்லாங்கைத் தேடிப் போனேன்.

2 எர்லாங் வேலைக்கு 3 பேர் என்றால் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு நேரம் சும்மா இருப்பார்கள், தாராளமாகத் தோன்றும். எர்லாங்கின் காத்திருப்புச் சூத்திரமோ, 100 பேரில் 44 பேர் காத்திருப்பார்கள், அப்படிக் காத்திருப்பவர் சராசரியாக 3 நிமிஷம் நிற்பார் என்கிறது. வழிய விடாமல் வைத்திருந்தால், 60 வினாடிக்கு மேல் நிற்க வேண்டியவர்கள் 40-க்கு 12, 13 பேர். இது சாதாரண நாளில். லீவு முடிந்த திங்கட்கிழமைக்கு இந்தக் கணக்கே பத்தாது. நாலாவது ஆள் ஒருவரை உட்கார வைத்தால் காத்திருப்போர் 17 சதவீதமாக இறங்குகிறது. 60 வினாடியைத் தாண்டுபவர்கள் 40-க்கு மூன்று நாலு பேர். ஒரே ஓர் ஆள்!

இன்னொன்றும் உண்டு. வழிந்து வரும் அழைப்பு, புதிதாக வரும் அழைப்பு மாதிரி சீராகச் சிதறி வராது. மூன்று பெண்களும் சேர்ந்து பேச்சில் இருக்கும் அந்த நெருக்கடியான நேரத்தில் மட்டும் மொத்தமாக வரும். மற்ற நேரம் ஒன்றுமே வராது. அதனால் வழிவதை வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு எர்லாங் சூத்திரத்தை அப்படியே போடக்கூடாது. போட்டால் குறைத்து மதிப்பிடுவோம். இதற்கென்று தனிக் கணக்கு முறையை 1956-ல் பெல் லேபரட்டரியின் வில்கின்சன் வகுத்துக் கொடுத்தார். நானோ எர்லாங்கையும் போடவில்லை, வில்கின்சனையும் போடவில்லை. 60-ல் 10 என்று வகுத்தல் மட்டும் போட்டேன். அதற்கு நாலு வருஷ பி.ஈ. தேவையில்லை.

ஓவர்ஃப்ளோ கெட்ட விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே அளவு வேலை வரும் இரண்டு கவுன்டர், தலா 3 பேர், தனித்தனி வரிசை என்றால் சராசரிக் காத்திருப்பு 80 வினாடி. அதே 6 பேரையும் ஒரே வரிசைக்குப் பொதுவாக வைத்தால் 26 வினாடிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆள் கூட்டவில்லை, சம்பளம் கூட்டவில்லை, சேர்த்து வைத்தோம், அவ்வளவுதான். யாரோடு சேர்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

மறுநாளே சிஸ்டத்தை மாற்றினேன். அப்பாயின்ட்மென்ட் வரிசை வழிந்தால் இனி பில்லிங், லேப் கவுன்டர்களுக்குப் போகும். அவர்களுக்கும் அப்பாயின்ட்மென்ட் போடச் சொல்லிக் கொடுத்தோம். ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் அங்கே போகாது. அதையும் தாண்டினால் அழைத்தவரின் நம்பரைக் குறித்துக்கொண்டு திருப்பிக் கூப்பிடுவோம் என்று சொல்லி வைத்துவிடும். திருப்பி விட்ட அழைப்பு மறுபடி பழைய வரிசைக்கே வந்து சுற்றாமல் பூட்டினேன். பலரும் மறக்கும் இடம் இது. காஷுவாலிட்டிக்குத் தனி நம்பர். அதற்குள் வேறு எந்த வரிசையும் வழியாது. ஆனால் அது நிரம்பினால் டியூட்டி டாக்டர் அறைக்கும், அங்கிருந்து நர்சிங் சூப்பரின்டென்டென்ட் செல்லுக்கும் வழியும். வெளியே போகலாம், உள்ளே வரக்கூடாது. திங்கட்கிழமை 9 முதல் 11 வரை ரிசப்ஷனில் நாலாவது ஆள். இதற்கு மட்டும் நிர்வாகியிடம் இரண்டு வாரம் நடக்க வேண்டியிருந்தது. கடைசியில் அந்த மகனின் ஆறு வரியைச் சொன்னேன், சம்மதித்தார்.

எர்லாங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராத்திரி வெகு நேரம் வேலை செய்வார். கணிதம், வானவியல், பௌதிகம் என்று வீடு நிறையப் புத்தகம்; சரித்திரம், தத்துவம், கவிதையிலும் ஈடுபாடு. சந்தேகம் கேட்டுப் போகும் நண்பர்களுக்குச் சலிக்காமல் சொல்லுவார். கஷ்டப்படுகிறவர்கள் அவர் லேபரட்டரிக்கே தேடி வருவார்களாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத மாதிரி கொடுத்து அனுப்பிவிடுவார். நிர்வாகிக்கு ரிப்போர்ட் எடுத்துக் காட்டியபோது எனக்கு இருந்த தோரணையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

கம்பெனியில் ஏறக்குறைய 20 வருஷம் வேலை பார்த்தவர் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. 1929 ஜனவரியில் வயிற்றில் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிப்ரவரி 3-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலமானார். வயது 51. 1944 வாக்கிலேயே ஸ்காண்டிநேவிய நாடுகளில் டெலிபோன் டிராபிக்கை எர்லாங் என்ற அலகால் அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1946-ல் சர்வதேச டெலிபோன் ஆலோசனைக் குழுவும் அதை ஏற்றது. அதற்கும் நாற்பது வருஷம் கழித்து ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனி இன்ஜினீயர்கள் எக்ஸ்சேஞ்சுகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் மொழி உருவாக்கி, அதற்கும் எர்லாங் என்றே பெயரிட்டார்கள். வாட்ஸ்அப் கட்டப்பட்டது அந்த மொழியில்தான். நம் பேட்ச் குரூப்பில் காலை ஐந்து மணிக்கே குட் மார்னிங் ரோஜாப்பூ அனுப்பும் நண்பர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போதும் ஒரு புது இடத்தில் சிஸ்டம் போடுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அங்கே போய் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எத்தனை அழைப்பு எந்த நிமிஷத்தில் வருகிறது என்று நோட்டில் கோடு போட்டுக் குறிக்கிறேன். சிஸ்டமே ரிப்போர்ட் தருமே, எதற்கு இந்த வேலை என்று ஜூனியர் பையன்கள் கேட்கிறார்கள். எங்கேஜ்டு டோன் கேட்டு வைத்துவிட்டவர்கள் பெரும்பாலும் அந்த ரிப்போர்ட்டில் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால்தான், மறுபடி மறுபடி அடித்துக் கடைசியில் லைன் கிடைத்தவரின் குரல் காதில் விழுகிறது.

சங்கம கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும், ஸ்விட்சிங் பேப்பர் நோட்டையும் கொண்டு வருகிறேன். நம் கல்லூரி ஆபீஸ் போனிலும் அட்மிஷன் சமயத்தில் லைன் கிடைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தால், ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் சாரோடு உட்கார்ந்து எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.